அக்காவுக்கு முப்பத்தெட்டுத் தாய்மாமன்கள்

ஒருவருக்குத் தாய்மாமன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இருந்தால் ஒன்று, இரண்டு. அம்மா பெரிய குடும்பத்தில் பிறந்தவர் என்றால் ஐந்தாறு. என் அக்கா எழிலரசிக்கு அவளுடைய நிச்சயதார்த்தத்தன்று காலை ஆறரை மணிக்கு, இரண்டே நிமிடத்தில், முப்பத்தெட்டுத் தாய்மாமன்கள் உண்டானார்கள். உண்டாக்கிய புண்ணியவதி நான்தான். அந்த முப்பத்தெட்டில் நான்கு பேர் பெண்கள். ஒருவர் மாப்பிள்ளை.

இதை நான் வேலைக்கான இன்டர்வியூக்களில் சொல்வதில்லை. (‘நீங்கள் தனியாகச் செய்த ப்ராஜெக்ட் ஏதாவது?’ என்று கேட்டால் தண்ணீர் குடிப்பேன்.)

எங்கள் வீடு நெய்வேலி டவுன்ஷிப்பில். அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர். எங்கள் பிளாக்கில் எல்லாருமே இப்படி ஒவ்வொரு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். சொந்தக்காரர்கள் ஒரு ராத்திரி பஸ் தூரத்தில் இருந்தார்கள். அதனால் குவார்ட்டர்ஸ் அலாட் ஆகிற மாதிரி உறவும் அலாட் ஆகிவிடும். பக்கத்து வீடு மாமா, எதிர் வீடு சித்தப்பா, பால்காரர் அண்ணன், மந்தாரக்குப்பத்தில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாய் பெரிய மாமா. யார் இதையெல்லாம் ஒதுக்கிக் கொடுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் கிடையாது. கேட்கத் துணிந்த முதல் ஆள் நான்.

அப்போது நான் எம்.சி.ஏ. கடைசி வருடம். அறிவை எப்படிக் கணினிக்குப் புரிகிற மாதிரி எழுதி வைப்பது என்று ஒரு பாடம். உலகத்தில் உள்ளதையெல்லாம் ‘இன்னார்க்கு இன்னார் இன்ன முறை’ என்று தகவல்களாகவும், ‘இப்படியென்றால் அப்படி’ என்று விதிகளாகவும் எழுதிக் கொடுத்துவிட்டால், மீதியை அது தானே யோசித்துச் சொல்லிவிடும். ஐந்து யூனிட். முதல் நான்கும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஐந்தாவதின் பெயர் ‘நிச்சயமின்மையும் முரண்பாடுகளும்’. அதிலிருந்து ஒரே ஒரு கேள்விதான் வரும், சாய்ஸில் விட்டுவிடலாம் என்று சீனியர்கள் சொன்னார்கள். விட்டேன். பரீட்சையில் அந்தக் கேள்வி வரவேயில்லை. அக்காவின் நிச்சயதார்த்தத்தில் வந்தது.

மாப்பிள்ளை வெளியாள் இல்லை. இரண்டு வரிசை தள்ளியிருந்த ராமலிங்கம் பெரியப்பாவின் மகன் முரளி. பெரியப்பாவும் அப்பாவும் ஒரே ஷிப்டில் இருபது வருடம் ஒரே கேரியரில் சாப்பிட்டவர்கள். அக்காவும் முரளியும் மூன்று வருடமாக விரும்பினார்கள். எங்கள் வீட்டில் ஒரு வாரம் அழுகை, அப்புறம் சரி. அவர்கள் வீட்டில்தான் சிக்கல். பெரியப்பாவின் அக்கா, காடாம்புலியூர் சகுந்தலா அத்தை, “நம்ம பக்கத்துப் பொண்ணு ஒண்ணுகூடவா கெடைக்கல?” என்று எட்டு மாதம் பிடி கொடுக்கவில்லை. தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். அவர் கையால் தட்டு வாங்காமல் மகனுக்கு நிச்சயம் செய்ய மாட்டேன் என்று பெரியப்பா சொல்லிவிட்டார். ஒருவழியாக அத்தை, “வர்றேன், வந்து பாக்குறேன்” என்றார். அந்த ‘பாக்குறேன்’ என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அக்கா பதினைந்து நாள் தூங்கவில்லை.

அம்மாவுக்கு வேறு கவலை. அவருடைய ஒரே தம்பி, விருதுநகர் மாமா. அசல் தாய்மாமன். எனக்குச் சடங்கு சுற்றியபோது அவருக்கு முன்னால் அப்பாவின் நண்பர் ஒருவர் தெரியாமல் முதல் தட்டை வைத்துவிட, மாமா இலையில் பாதிச் சோற்றோடு எழுந்து அடுத்த பஸ் பிடித்தவர். இரண்டு வருடம் பேச்சில்லை.

“இந்தத் தடவ முறையில ஒரு சின்னப் பிசகு வந்தாலும் என் தம்பி என் வாசல மிதிக்க மாட்டான்” என்று அம்மா புலம்பினார்.

அங்கேதான் நான் புகுந்தேன். “எம்மா, நீ ஏன் கவலப்படுற? யாருக்கு என்ன முறை, யார் என்ன செய்யணும், எல்லாத்தையும் நான் மெஷின்ல போட்டுத் தர்றேன். தப்பே வராது.”

‘தப்பே வராது’ என்று சொல்லும்போது எனக்கு வயது இருபத்திரண்டு. நினைத்தால் இப்போதும் எழுந்துபோய் என்னை நானே ஒரு அறை விடலாம் போலிருக்கிறது.

அதற்கு ‘முறையறிவான்’ என்று பெயர் வைத்தேன். அப்பா அதை ‘முறைப்பான்’ என்றே கூப்பிட்டார். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நீங்கள் இன்னாரை எப்படிக் கூப்பிடுவீர்கள்? அவர் உங்களை? அப்பா ராமலிங்கத்தை ‘அண்ணே’ என்பார். எழுது: ராமலிங்கம், அப்பாவுக்கு அண்ணன். ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் ‘எவ்வளவு உறுதி?’ என்று ஒரு கட்டம் இருந்தது. (அது ஐந்தாவது யூனிட் சமாச்சாரம்.) என் சொந்த அப்பா சொன்னதற்கு எவ்வளவு போடுவது? நூற்றுக்கு நூறு. மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்களே என்று எல்லாருக்கும் நூறு.

ஒரே ஒரு கட்டம் காலியாக நின்றது. முரளியை அக்கா எப்படிக் கூப்பிடுவாள்? பிளாக்கில் பெண் பிள்ளைகள் எல்லாரும் அவரை ‘முரளிண்ணா’ என்போம். அக்கா மட்டும் எட்டாம் வகுப்பிலிருந்து அவரை எப்படியுமே கூப்பிடாமல் சமாளித்து வந்திருந்தாள். “இங்க பாருங்க”, “அதத்தான் சொல்றேன்”, “உங்கம்மா கூப்பிடுறாங்க” இப்படியே ஓட்டியிருக்கிறாள். புத்தியுள்ள தங்கைக்கு அப்போதே விளங்கியிருக்கும். நான் அந்தக் காலிக் கட்டத்தை முறையறிவானே யோசித்து நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டேன். அது நிரப்பிக்கொண்டது.

எங்கள் பக்கத்து ஆட்களை மட்டும் வைத்துச் சோதித்தபோது எல்லாம் பிரமாதமாக வந்தது. நிச்சயதார்த்தத்தன்று காலை, அக்காவுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது, மாப்பிள்ளை வீட்டாரையும் அவசரமாகச் சேர்த்தேன். மறுபடி சோதிக்கவில்லை. அவரவர்க்கு அவரவர் முறையையும் பொறுப்பையும் வாட்ஸ்அப்பில் அனுப்பும்படி ஒரு பட்டன் வைத்திருந்தேன். அழுத்தினேன். போய்க் குளித்துவிட்டுப் பட்டுப்பாவாடை தாவணி கட்டிக்கொண்டு, ஊரே பாராட்டப்போகிறது என்ற மிதப்பில் மண்டபத்துக்குப் போனேன்.

வாசலிலேயே காதர் பாய். கையில் ரோஜா மாலை, தட்டில் பட்டுப்புடவை, பழம். கண் கலங்கியிருந்தது.

“எழிலு என்னையத் தாய்மாமனா நெனச்சிக்கினு கீதுன்னு எனக்கு இத்தினி நாளு தெரியாமப் போச்சேம்மா! மெசேஜைப் பாத்ததும் கடையத் தொறக்கக்கூட இல்ல, நேரா இங்க வந்துட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. போனைக் காட்டினார். ‘அன்புடையீர், எழிலரசிக்குத் தாங்கள் தாய்மாமன் முறை. மணமகளுக்கு மாலையிட்டு மேடைக்கு அழைத்து வருவது தங்கள் பொறுப்பு. தவறாமல் வரவும்.’

“சரி பாய், ஒரு சின்னக் குழப்பம்...” என்று ஆரம்பிப்பதற்குள் அவருக்குப் பின்னால் பால்கார அண்ணன், மாலையோடு. அவருக்குப் பின்னால் அப்பாவின் ஷிப்ட் இன்சார்ஜ், மாலையோடு. நைட் ஷிப்ட் முடித்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக வந்த கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் ஏழு பேர், ஆளுக்கொரு மாலையோடு. மண்டபத்து எலெக்ட்ரீஷியன். நாதஸ்வரக்காரர். போட்டோகிராபர் கேமராவைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, “நான் இன்னிக்கு மாமன்ப்பா, நீ எடு” என்று வரிசையில் நின்றார். கடைசியில் பட்டு வேட்டி சட்டையில் முரளி, அவரும் ஒரு மாலையோடு. “எனக்கும் வந்துச்சு” என்றார் பரிதாபமாக.

மண்டபத்தில் உட்கார இடம் இல்லை, எல்லா நாற்காலியிலும் மாலை.

விருதுநகர் மாமா தன் ஒற்றை மாலையைக் கையில் பிடித்தபடி அந்த வரிசையை முனையிலிருந்து முனைவரைக்கும் பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“அக்கா, எனக்குத் தெரியாம நம்ம அம்மாவுக்கு எத்தன பிள்ளைக?”

அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அழுகையா சிரிப்பா என்று இன்றுவரை சொல்ல மறுக்கிறார். மாமா செருப்பைத் தேட ஆரம்பித்தார். அப்பா ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தார்.

“மாப்ள, மாப்ள, ஒரு நிமிசம் கேளுங்க. நீங்க பெர்மனென்ட். இவங்கள்லாம் கான்ட்ராக்ட்!”

மாமா முகம் கொஞ்சம் இளகியது. ஆனால் ஹெல்மெட் வரிசையிலிருந்து ஒரு குரல்: “ஏன் சார், இதுலயாவது எங்களை எப்ப பெர்மனென்ட் பண்ணுவீங்க?”

மண்டபமே சிரித்தது. மாமாவும் சிரித்துவிட்டார், செருப்பு கீழே விழுந்தது. ‘அப்பாடா, தப்பித்தோம்’ என்று நான் மூச்சு விட்ட அந்த நொடியில்தான், முன் வரிசையிலிருந்து சகுந்தலா அத்தை எழுந்தார்.

“ஏம் பொண்ணு, இங்க வா. எனக்கும் வந்துகீது. நான் மாப்ள வூட்டுக்காரி. அதுவும் பொம்பள. நான் எப்டி உங்க அக்காளுக்குத் தாய்மாமன்?”

நல்ல புத்தி இருந்தால் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘மெஷின் கெட்டுப்போச்சு அத்தை, மன்னிச்சிடுங்க.’ நான்கே வார்த்தை. முடிந்தது கதை. ஆனால் முறையறிவானில் நான் மிகவும் பெருமைப்பட்ட ஒன்று இருந்தது. ‘ஏன்?’ என்று ஒரு பட்டன். எந்த முடிவுக்கு எப்படி வந்தது என்று படிப்படியாகச் சொல்லும். நான்காவது யூனிட்டில் அதற்குத்தான் எனக்கு முழு மார்க். லேப்டாப்பைத் திறந்தேன். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று நாதஸ்வரக்காரரின் மைக்கையும் வாங்கிக்கொண்டேன்.

“ஒன்று,” என்று கணீரென்று வாசித்தேன். “எழிலரசியின் அப்பாவுக்கு ராமலிங்கம் அண்ணன். இரண்டு. ஆகவே ராமலிங்கம் எழிலரசிக்குப் பெரியப்பா. மூன்று. பெரியப்பாவின் மகன் அண்ணன். ஆகவே முரளி எழிலரசிக்கு அண்ண...”

வாய் தானாக நின்றது. ஆனால் திரையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த போட்டோகிராபரின் தம்பிக்கு நல்ல கண் பார்வை. மீதியை அவன் உரக்க வாசித்தான்.

“நாலு. அண்ணனும் தங்கையும் மணம் செய்யக் கூடாது. ஆகவே இந்தத் திருமணம் இல்லை. அஞ்சு. ஆனால் இந்தத் திருமணம் உண்டு. ஆறு. ஆகவே சகுந்தலா தாய்மாமன்.”

வாசித்து முடித்துவிட்டு, சரியாகப் படித்தேனா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

“பாத்தியாடா ராமலிங்கம்!” அத்தை திரும்பினார். “நான் சொன்னா கெழவி ஒளர்றான்னுவீங்க. இப்ப மெஷினே சொல்லிடுச்சு. அண்ணன் தங்கச்சி முறைன்னு! நான் தட்டு வாங்க மாட்டேன். வா, கெளம்பு.”

பெரியப்பா எழுந்து நின்றார். போகவும் இல்லை, உட்காரவும் இல்லை. மேடைக்குப் பக்கத்து அறை வாசலில் அக்கா, அரைகுறையாக வைத்த பூவோடு நின்றிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. என் அக்காவின் கல்யாணத்தை என் கையாலேயே, அதுவும் மைக் வைத்து நிறுத்திவிட்டேன்.

முரளி சமாளிக்கப் பார்த்தார். “அத்தை, இதே மெஷின் என்னையும் எழிலுக்குத் தாய்மாமன்னு சொல்லியிருக்கு. தாய்மாமன்னா கட்டிக்கலாமே?”

“வாய மூடுடா!”

இந்த இடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? மைக் இன்னும் என் கையில்தான் இருந்தது.

“அத்தை, அது தப்புல்ல, அதாவது தப்புதான், ஆனா வேற தப்பு. ஒரு விஷயம் உண்டுன்னும் இல்லைன்னும் ரெண்டையும் ஒத்துக்கிட்டா, அப்புறம் அதை வெச்சு எதை வேணாலும் நிரூபிக்கலாம். இப்ப பாருங்க, ‘இந்தக் கல்யாணம் உண்டு’, சரியா? அப்ப ‘இந்தக் கல்யாணம் உண்டு, இல்லாட்டி அத்தை ஒரு பலாப்பழம்’, இதுவும் சரி. ஏன்னா ரெண்டுல ஒண்ணு உண்மையா இருந்தாப் போதும். ஆனா மெஷின் ‘கல்யாணம் இல்ல’ன்னும் சொல்லுது. அப்ப முதல் பாதி போச்சு. மிச்சம் என்ன இருக்கு?”

“அத்தை பலாப்பழம்!” என்று ஹெல்மெட் வரிசை ஒரே குரலில் பதில் சொன்னது.

“என்னாது?” என்றார் அத்தை.

(அவர் பலாத்தோப்புக்காரர் என்பது அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் கொண்டுவந்த இரண்டு பழங்களும் மேடையோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.)

அப்பா என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். அவர் பேசுவதற்குள் அக்கா பேசினாள். மைக் இல்லாமலே.

“நான் இவரை ஒரு தடவைகூட அண்ணான்னு கூப்பிட்டதில்ல அத்தை. எட்டாங்கிளாஸ்ல இருந்து. வேணும்னா யாரையாவது கேட்டுப் பாருங்க.”

பிளாக்கே யோசித்தது. அட, ஆமாம் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். ஆனால் அத்தை அசையவில்லை. “நீ கூப்புடலன்னா ஆச்சா? உங்கப்பன் எந்தம்பிய இருவது வருசமா அண்ணே அண்ணேன்னுகினு இருந்தானே, அது பொய்யா?”

அப்பா கையிலிருந்த மைக்கை நாதஸ்வரக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

அப்போது அத்தைக்குப் பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு இருமல். அத்தையின் கணவர் கோவிந்தன் மாமா. அவர் பேசி நான் கேட்டதே இல்லை. அவருக்குக் குரல் உண்டு என்பதே பலருக்குச் செய்தி.

“சகுந்தலா. அந்த மெஷினுல நம்ம ரெண்டு பேரையும் போட்டா என்னா வரும்?”

“நமக்கு என்னா? நமக்கு முறைதான்.”

“கல்யாணத்துக்கு மின்ன, அடுத்தடுத்த வூட்டுல ஆறு வருசம் இருந்தோம். நீ தண்ணிக் கொடம் தூக்கிகினு வரச்சொல்ல நான் தெருக்கொழாய்கிட்ட நின்னுகினு இருப்பேன். என்னைய என்னான்னு கூப்புடுவே?”

அத்தை மேடையோரப் பலாப்பழங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

“கோயிந்தண்ணே, கொஞ்சம் வழி வுடுங்கண்ணேன்னுதான?” கோவிந்தன் மாமா சபையைப் பார்த்து விளக்கினார். “நான் வுட மாட்டேன்.”

சிரிப்பில் மண்டபத்துக் கூரை பிய்த்துக்கொண்டது. நாதஸ்வரக்காரர் ஒரு பிடி வாசித்தே விட்டார். அத்தையின் முகம் நெற்றிக் குங்குமத்தின் நிறத்துக்கு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் கணவரின் தோளில் ஒன்று போட்டார்.

“அது சும்மா கூப்புடறது!”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. தம்பியைப் பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார். அறை வாசலில் நின்ற அக்காவை வெகு நேரம் பார்த்தார்.

“சரி வுடு,” என்றார். “அவனும் சும்மாதான் கூப்டுகினு இருந்திருப்பான். தட்ட எடுத்தாங்க. நேரமாவுது இல்ல?”

அக்கா அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன். விருதுநகர் மாமா முதலில் மாலை போட்டார். (பெர்மனென்ட்.) அதன் பிறகு காதர் பாய், பால்கார அண்ணன், இன்சார்ஜ், ஹெல்மெட் ஏழு பேர் என்று மாலை போட்டுப் போட்டு, மேடைக்கு வந்தபோது அக்காவுக்குக் கண் மட்டும்தான் வெளியே தெரிந்தது. ஆல்பத்தில் அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் பெண் யார் என்று கேட்பார்கள். முறையறிவானைக் கேட்டால் அதற்கும் எல்லார் பெயரையும் சொல்லியிருக்கும்.

மறுநாள் ஐந்தாவது யூனிட்டைத் திறந்து ஒரு எழுத்து விடாமல் படித்தேன். இன்று இதே மாதிரி வேலைதான் சென்னையில் பார்க்கிறேன். என் எல்லாத் தகவல் அட்டவணையிலும் கடைசியில் ஒரு கட்டம் இருக்கும்: ‘சும்மா’. வடநாட்டு சகாக்கள்கூட அதைக் கேள்வி கேட்காமல் நிரப்புகிறார்கள். அக்காவுக்குக் கோபம் வந்தால் கணவரை இப்போதுதான் முதல் தடவையாகக் கூப்பிடத் தொடங்கியிருக்கிறாள்: “முரளிண்ணே, சாப்பாடு மேசை மேல இருக்கு.” அவர் அன்று முழுக்க வீட்டைப் பெருக்குவார். விருதுநகர் மாமா ‘எழில் தாய்மாமன்கள்’ என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்கிவிட்டார். முப்பத்தெட்டுப் பேர். பொறுப்பாளர் அவர்.

போன தை மாதம் அக்கா மகளுக்கு வடலூரில் காதுகுத்து. எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண் கிடையாது, அதனால் அந்த இடம் அக்காவின் தாய்மாமனுக்கு. குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டிய விருதுநகர் மாமா வந்த பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை அலறிக்கொண்டிருந்தது. நேரம் போய்க்கொண்டிருந்தது.

“தாய்மாமன் யாருங்க? சீக்கிரம் வந்து உக்காருங்க” என்றார் ஆசாரி.

யாரை உட்காரவைப்பது என்று நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு சகுந்தலா அத்தை வந்தார். மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். அது அழுகையை நிறுத்தி அவர் மூக்குத்தியைப் பிடித்தது.

ஆசாரி தயங்கினார். “அம்மா, இது தாய்மாமன் உக்கார்ற எடம். சும்மா யாரும்...”

“சும்மா இல்லய்யா,” என்ற அத்தை, இடுப்பிலிருந்து போனை எடுத்து, இத்தனை வருடமாக அழிக்காமல் வைத்திருந்ததை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “மெசேஜ் இருக்குது.”